பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

தோற்ற அணியைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பயிற்சியாளரிடம் வந்து நின்றுவிடுகிறது. 'ஆளை மாற்றினாலன்றி விடிவில்லை' என்பார் ஒருவர். 'இன்னும் ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம்' என்பார் மற்றொருவர். சிங்காநல்லூர்த் தேநீர்க் கடைகளிலும் கல்லூரி விடுதிகளிலும் கால்பந்து அன்பர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு இது. இரு கட்சியாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பயிற்சியாளரை அமர்த்துவோரையும் நீக்குவோரையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர்களிடம் கணக்குக் கேளாமல் பயிற்சியாளரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் எந்த அணியும் நிலைபெறாது என்பதே என் துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோவை மாநகரே சான்றாக உள்ளது.

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் பெயரால் சென்னைக்குரியது. ஆயினும் 2017-18 ஆட்டப் பருவம் முதல் கோவை நேரு விளையாட்டரங்கமே அதன் தாயகமாயிற்று. சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலை வழியே சென்று இந்திய நாட்டின் பெரும் அணிகளை நேரிற் காணும் வாய்ப்பு நம் இளைஞர்க்கு அதனால் கிட்டியது.

அக்கழகம் ஐ-லீக் போட்டியில் அடியெடுத்து வைத்தது 2016-17 பருவத்தில். அந்தப் பருவம் முடியுமுன்னரே முதற் பயிற்சியாளர் ராபின் சார்லஸ் ராஜா மாற்றப்பட்டு, வி. சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். அடுத்த பருவத்திலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே அணி தங்கிவிட்டது. 2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். 2019 மார்ச் 9 அன்று கோவையில் நடந்த இறுதி ஆட்டத்தில், தொடக்கத்திலேயே ஒரு கோல் பின்தங்கிய சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்றது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் நிற்க, 43 புள்ளிகளுடன் பட்டம் கோவைக்கு வந்தது. தமிழகக் கழகம் ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதன்முறை.

'பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் பட்டம் வந்தது!' என்பார் வாதம் இங்கே வலுப்பெறுவது போல் தோன்றும். அக்பர் நவாஸின் திறமையை மறுப்பாரில்லை. எனினும், ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய தமிழக இளைஞர்கள் தோளோடு தோள் நின்றனர். பயிற்சியாளரின் திட்டத்துக்கு ஏற்ற ஆட்டக்காரர்களை நிர்வாகம் அவ்வாண்டு தேடித் தந்தது. மாற்றம் பயன் தந்தமைக்கு இவையனைத்தும் காரணம்.

பிறகு நிகழ்ந்ததையும் நோக்குக. பட்டம் வென்ற அணியின் முன்னணி ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராய் வேறு கழகங்களுக்குச் சென்றனர். 2019-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கு வாங்கிய செய்தி பெரும் நம்பிக்கையை விதைத்தது. அது நிலைக்கவில்லை. 2020-இல் அக்பர் நவாஸ் விலக, சிங்கப்பூரைச் சேர்ந்த சத்தியசாகரா பொறுப்பேற்றார். கொரோனாப் பெருந்தொற்றினால் 2020-21 பருவம் முழுவதும் வங்காள மண்ணிலேயே நடைபெற்றது. அதில் சென்னை சிட்டி கடைநிலைப் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் அதன் பெயரே இல்லை. கோவை, தன் அணியை இழந்தது.

ஒரே மருந்து மூன்று முறை கொடுக்கப்பட்டது. முதல் முறை பெரும் பயனில்லை. இரண்டாம் முறை பட்டம். மூன்றாம் முறை நோயாளியே இல்லாமற் போனார். அவ்வாறாயின் நோய் வேறிடத்தில் இருந்தது என்பது தெளிவன்றோ?

நூற்பாலை ஊரில் பிறந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நூல் அடிக்கடி அறுந்தால் மேஸ்திரியைத் திட்டுவது எளிது. பஞ்சின் தரம், கூடத்தின் ஈரப்பதம், எந்திரத்தின் தேய்மானம் ஆகியவற்றை ஆராய்வதோ கடினம். எளியதைச் செய்துவிட்டுக் கடினமானதைத் தள்ளிப்போடும் ஆலையில் மேஸ்திரிகள் மாறிக்கொண்டேயிருப்பர், நூலும் அறுந்துகொண்டேயிருக்கும்.

மும்பை கால்பந்துக் கழகத்தின் கதையும் இதனையே காட்டும். 2009 முதல் அதன் பயிற்சியாளராய் இருந்தவர் காலித் ஜமீல். 2016-இல் அவர் விலக, அடுத்த பருவத்தில் அக்கழகம் பயிற்சியாளரை மாற்றியும் கடைசி இடமே பெற்றது, பின்னர் மூடப்பட்டது. அதே பருவத்தில் காலித் ஜமீல், மிசோரம் மாநிலத்தின் சிறிய கழகமான ஐசால் அணிக்கு ஐ-லீக் பட்டத்தை ஈட்டித் தந்தார். 2025-இல் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார்.

இந்தியக் கால்பந்தின் பேராசான் சையத் அப்துல் ரஹீம் வரலாறும் நினைவுகூரத்தக்கது. ஹைதராபாத் நகரின் பள்ளி ஆசிரியராய் இருந்த அப்பெருமகனார் பயிற்றுவித்த அணி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. இன்றைய இரசிகர்கள் அவரை மறுநாளே துரத்தியிருப்பர். ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவ்வணி நான்காம் இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்று தந்தார். 1952-இல் அவர் கதை முடிந்திருந்தால் இப்பெருமைகள் நமக்கு வாய்த்திருக்குமா?

அதற்காக, மாற்றமே கூடாது என்று நான் வாதிடவில்லை. கி.பி. 634-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வெற்றிமேல் வெற்றி கண்ட காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தலைமைத் தளபதிப் பொறுப்பினின்று நீக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். வெற்றி இறைவனிடமிருந்து வருவது, அதனை ஒரு மனிதருக்கு உரியதாக்கி மக்கள் மயங்கலாகாது என்பதே அம்முடிவுக்குச் சொல்லப்படும் காரணம். காலித் (ரலி) அவர்களும் பிணங்காது புதிய தலைவரின் கீழ்த் தொடர்ந்து களம் கண்டார்கள். ஒருவரையே வெற்றிக்குக் காரணமாக்குவது பிழையெனின், ஒருவரையே தோல்விக்குக் காரணமாக்குவதும் பிழையேயாகும்.

ஆதலின், 'பயிற்சியாளரை மாற்று' என்று முழங்குமுன் மூன்று வினாக்களை இரசிகர்கள் எழுப்புதல் வேண்டும். அவர் கேட்ட ஆட்டக்காரர்களும் அவருக்கு வேண்டிய காலமும் தரப்பட்டனவா? ஆட்டக்காரர்க்கு ஊதியமும் பயிற்சிக்கு நல்ல களமும் தடையின்றிக் கிடைக்கின்றனவா? அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் தம் தேர்வுக்குப் பொறுப்பேற்கின்றார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என விடை வந்து, அணி இன்னும் வீழுமாயின், தயங்காமல் மாற்றுக. 'இல்லை' என விடை வருமாயின், மாற்றப்பட வேண்டியவர் வேறிடத்தில் அமர்ந்திருக்கிறார் என்று அறிக.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்றும் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆராய்ந்து தேர்க, தேர்ந்தபின் நம்பிப் பொறுப்பளிக்க என்பது அவற்றின் உட்பொருள். கலந்தாலோசனையும் அமானிதம் பேணலும் நம் மார்க்கம் வலியுறுத்தும் பண்புகள். பொறுப்பு என்பது அமானிதம். களத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு மட்டுமன்று, கணக்கேட்டின் முன் அமர்ந்திருப்பவருக்கும் அது பொருந்தும்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பட்டம் வென்ற அணியையே இழந்துவிட்ட ஊர் இது. கால்பந்தை நம்பிய தமிழக இளைஞர் பலர்க்கு அவ்வணி ஒரு வாழ்வு வழியாகவும் இருந்தது. இனியொரு கழகம் இங்கே தோன்றுமாயின், அது ஓரிருவர் கைப்பணத்தை மட்டும் நம்பி நில்லாமல், பள்ளி கல்லூரி அணிகளை வேராகவும் ஊரார் பங்களிப்பை நீராகவும் கொண்டு வளர வழி காணுங்கள். மாணவச் செல்வங்களே! உங்கள் வாதங்களை நிறுத்த வேண்டா. பயிற்சியாளரைப் பற்றி உரக்கப் பேசுவது போலவே நிர்வாகத்தைப் பற்றியும் உரக்கப் பேசுங்கள். நேரு விளையாட்டரங்கில் மீண்டும் ஒரு கோவை அணி களமிறங்கும் நாளை வல்ல இறைவன் விரைவில் அருள்வானாக!