பேலன்ஸ் பண்றீங்களா சார்?

'வேலையையும் வீட்டையும் எப்படி சார் பேலன்ஸ் பண்றீங்க?' கல்யாணமான ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள். பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடுகிறவரும் சரி, பூந்தமல்லி பஸ்ஸில் தொங்குகிறவரும் சரி, 'ஏதோ ஓடுது சார்' என்பார்கள். ஓடுகிறது, சரி. ஓட்டுவது யார்?

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதணும் என்பது அங்கே பாலபாடம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் கொடுப்பது நாளைக்கு 289 நிமிஷம். ஆண்? 88. அதுவும், வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி! துரும்பைக்கூட நகர்த்தாத மகராசன்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆக, நம்முடைய பேலன்ஸ் என்பது மனைவியிடம் வாங்கிய வட்டியில்லாக் கடன்.

'ஓவர்டைம் பார்க்காட்டி ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவா?' என்று கோபப்படுவீர்கள். நியாயம்தான். தினம் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். சபாஷ்! வேலை நேரத்துக்காகப் போராடத் தெரிந்த நமக்கு, வீட்டு நேரத்துக்காகக் கேட்கத் தெரியவில்லையே, ஏன்?

ஆவடியில் இருக்கும் மத்திய அரசு ஊழியருக்குக் குழந்தை பிறந்தால், இரண்டு குழந்தை வரை, 15 நாள் சம்பளத்தோடு லீவு. நாலு ஸ்டேஷன் தள்ளி, எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு? சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. 2017-ல் அம்மாவின் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ரொம்ப நல்லது. அப்பா என்று ஒருத்தர் இருப்பதே அந்தத் திருத்தத்துக்குத் தெரியவில்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அவருக்கு லீவு கிடையாது. குழந்தை அம்மாவின் பொறுப்பு என்று சட்டமே எழுதி வைத்தால், ஆம்பளை ஏன் சார் அடுப்படிப் பக்கம் வரப்போகிறான்?

சட்டத்தை மட்டும் திட்டித் தப்பிக்க முடியாது. மகள் பிறந்த மூணாம் நாளே 'இதழ் முடிக்கணும்' என்று ஆபீஸுக்கு ஓடியவன் நான். அதைப் பல வருஷம் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். அந்த வாரம் இராத்தூக்கம் கெட்டது என் மனைவிக்கும் மாமியாருக்கும்.

அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் போனஸுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: அப்பாவுக்கு 15 நாள். கிடைத்தால், அந்த 15 நாளும் குழந்தையின் துணியைத் துவையுங்கள், டி.வி. முன்னால் உட்காராதீர்கள்.

அதுவரைக்கும் 'பேலன்ஸ் பண்றேன்' என்று சொல்லாதீர்கள். 'கடன்ல இருக்கேன்' என்று சொல்லுங்கள். கணக்காவது நேர்மையாக இருக்கும்.