கடல் கடந்தவர் நம்மவர் அல்லரா?

அயல்நாட்டில் குடியேறி ஆங்கிலத்தில் எழுதும் இந்தியரைப் பற்றி நம்மிடையே ஒரு தீர்ப்பு எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. "நாட்டை விட்டவர், தாய்மொழியைத் துறந்தவர், வெள்ளையரின் கைதட்டலுக்காக எழுதுபவர்" என்பதே அது. நூலைப் பிரித்துப் பாராமலே இத்தீர்ப்பை வழங்குவோர் பலர். வழக்கைக் கேளாமல் தீர்ப்பளித்தல் நீதியாகாது. ஆகவே ஒருவருடைய வாழ்வை எடுத்துக்கொண்டு, இத்தீர்ப்பு நிற்குமா என்று பார்ப்போம்.

மீனா அலெக்சாண்டர் 1951ஆம் ஆண்டு அலகாபாத்தில் பிறந்தார். கேரளத்துச் சிரியன் கிறித்தவக் குடும்பம். வீட்டு மொழி மலையாளம். தந்தையார் இந்திய அரசுப் பணியில் இருந்த வானிலை அறிஞர். 1956இல் விடுதலை பெற்ற சூடான் நாட்டுக்கு அவர் பணியாற்றச் சென்றபோது, ஐந்து வயதுக் குழந்தையாக மீனாவும் கப்பலேறினார். அந்தக் குழந்தையா நாட்டைத் துறந்தது?

கார்த்தூம் நகரில் வளர்ந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1969இல் பட்டம் பெற்றார். இளம்பருவத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகள் முதன்முதலாக அச்சேறியது எம்மொழியில் என எண்ணுகிறீர்கள்? அரபு மொழியில்! மொழிபெயர்ப்பாகவே அவை கார்த்தூம் நாளேட்டில் வெளிவந்தன. வெள்ளையரின் கைதட்டலை நாடியவர் என்று சொல்வோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

பின்னர் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் அங்கேயே தங்கிவிடவில்லை. தாயகம் திரும்பி டில்லியிலும் ஐதராபாத்திலும் ஆசிரியப் பணி புரிந்தார். அவருடைய தொடக்கக் காலக் கவிதை நூல்கள் கல்கத்தாவில் வெளியாயின. அலிகர் கல்லூரியின் முதல் தலைமுறை மாணவர் வரலாற்றை எழுதிய டேவிட் லெலிவெல்டை மணந்து, 1979இல் நியூயார்க் சென்றார். அங்கு ஹண்டர் கல்லூரியில் நெடுங்காலம் பேராசிரியராக விளங்கி, 2018இல் அந்நகரிலேயே மறைந்தார்.

சென்றவர் மறந்தாரா? இதுவே கேட்க வேண்டிய கேள்வி.

1978இல் ஐதராபாத்தில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. காவல் நிலையத்தில் ஏழை முஸ்லிம் பெண்ணொருத்தி காவலர்களால் கற்பழிக்கப்பட்டாள். நியாயம் கேட்ட கணவன் அடித்துக் கொல்லப்பட்டான். நகரம் கொதித்தெழுந்தது. விசாரணை ஆணையம் காவலர்களைக் குற்றவாளிகள் எனக் கண்டும், நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நாளேடுகள் வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டன. நாமும் மறந்தோம். மறவாதவர், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்த மீனா அலெக்சாண்டர். 1991இல் வெளிவந்த 'நாம்பள்ளி ரோடு' என்னும் அவரது முதல் நாவலில் அக்கொடுமை இடம்பெற்றது. இங்கிலாந்தில் பயின்று ஊர் திரும்பிய இளம் ஆசிரியை ஒருத்தி, இந்த அநீதியின் முன் தன் கவிதைக்கு என்ன பயன் என்று திகைப்பதே அக்கதை. தன்னையே குற்றக்கூண்டில் நிறுத்திக்கொள்ளும் எழுத்தைக் கைதட்டலுக்கான எழுத்து என்று எப்படிச் சொல்வது?

2002இல் குஜராத் பற்றியெரிந்தது. அவர் நேரில் வந்து, வீடிழந்தோர் தங்கியிருந்த முகாம்களைக் கண்டார். அந்தத் துயரம் 2004இல் வெளிவந்த 'ரா சில்க்' தொகுப்பில் கவிதைகளாயிற்று; காந்தியடிகளை முன்னிறுத்தி எழுதிய கவிதைகளும் அதில் உண்டு. பாதிக்கப்பட்டோர் அவருடைய மதத்தினர் அல்லர், மொழியினரும் அல்லர். இருந்தும் வந்தார், கண்டார், எழுதினார். அருகில் இருந்துகொண்டே வாய்மூடி நின்ற எழுத்தாளர்களை 'நம்மவர்' என்கிறோம். இவரை 'அந்நியர்' என்கிறோம். அளவுகோல் கோணலாயிருக்கிறது.

எஞ்சியிருப்பது தாய்மொழி பற்றிய குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. மலையாளம் அவர் பேசிய மொழி. ஆனால் அதில் எழுதப் படிக்கத் தேர்ச்சி பெற்றாரில்லை. இக்குறையை அவரும் மறைக்கவில்லை. 2002இல் வெளிவந்த கவிதை நூலுக்கு 'எழுத்தறியா இதயம்' என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். பல பட்டங்கள் பெற்ற பேராசிரியை தம் இதயத்தை எழுத்தறியாதது என்று அழைத்தார் எனில், அந்த இழப்பு எவ்வளவு ஆழமானது! அதனை ஏளனம் செய்வோர், புண்ணைக் காட்டியவரைப் பார்த்து நகைப்பவராவர்.

ஏளனத்தை விடுத்து நம் இல்லங்களை நோக்குவோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழில் ஒரு கடிதம் எழுத வல்லவர்? நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்தவர்தாம். ஆயினும் அரபு எழுத்திலேனும் தமிழை எழுதி, அரபுத்தமிழ் என்னும் செல்வத்தைப் படைத்தனர். நம் மூதாட்டியர் அவ்வெழுத்தில் கடிதம் எழுதினர், நூல் படித்தனர். மொழி கடல் கடந்தாலும் அழிவதில்லை. வீட்டில் எழுதுவாரற்றுப் போகும்போதே அழிகிறது.

எனவே பெற்றோரே, வெளிநாடு சென்ற பிள்ளையை 'நம்மவன் அல்லன்' என்று தள்ளிவிடாதீர். அவன் எம்மொழியில் எழுதினாலும் அநீதியைக் கண்டு நெஞ்சு பதைப்பவனாயின் அவன் நம்மவனே. அவனுக்குத் தாய்மொழியின் எழுத்தைக் கற்பிப்பது உம் கடன். அக்கடனைச் செலுத்தாத நாம், நாளை அவனைக் குறைகூற என்ன உரிமை பெற்றிருக்கிறோம்?