குன்றைக் குடைவதா? கல்லை அடுக்குவதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர்ப் பக்கம், குன்றாண்டார்கோவில் என்று ஓர் ஊர் இருக்கிறது.

அங்கே ஒரு குன்று. குன்றைக் குடைந்து ஒரு சிவன் கோவில். பர்வதகிரீசுவரர் கோவில் என்று பெயர். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. அதாவது, 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

குகைக்கு முன்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. அது தேர் வடிவத்தில் அமைந்த மண்டபம். குதிரைகள் இழுப்பது போலக் கல்லில் செதுக்கி இருக்கிறார்கள். இது பிற்காலத்தில், விஜயநகர மன்னர்கள் காலத்தில் கட்டியது.

ஒரே கோவில். ஆனால் இரண்டு வகை வேலை!

குகையைக் குடைகிற சிற்பிக்கு, தூண் எங்கே, கருவறை எங்கே என்பது முதலிலேயே தெரிய வேண்டும். உளி தவறி ஒரு துண்டு பெயர்ந்தால், போனது போனதுதான். ஒட்ட முடியாது.

மண்டபம் கட்டுகிறவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு கல் சரியாக உட்காரவில்லையா? எடுத்து விட்டு வேறு கல் வைக்கலாம். கூட்டம் பெருகினால் இன்னும் நாலு தூண் நடலாம்.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையச் சம்பந்தம் இருக்கிறது.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. "இப்படிச் செய், அப்படிச் செய்" என்று கட்டளை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புக்குத்தான் மென்பொருள் என்று பெயர். சாப்ட்வேர் என்றும் சொல்கிறோம்.

ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிறீர்கள். பாங்கியில் பணம் எடுக்கிறீர்கள். ரெயிலுக்கு டிக்கெட் வாங்குகிறீர்கள். முதியோர் பென்சனுக்கு மனுப் போடுகிறீர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் மென்பொருள் இருக்கிறது.

அதை எப்படி எழுதுவது? குகையைப் போலவா? மண்டபத்தைப் போலவா?

இதைப்பற்றி உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது.

அருவி முறை

முதலில் பழைய முறையைப் பார்ப்போம்.

என்ன வேண்டும் என்று முதலில் எழுதி முடிப்பது. பிறகு வரைபடம் போடுவது. பிறகு கட்டளை எழுதுவது. பிறகு சோதிப்பது. கடைசியில் மக்களிடம் கொடுப்பது. இதற்கு "அருவி முறை" என்று பெயர். மேலே இருந்து விழுகிற தண்ணீர் திரும்ப மேலே ஏறாது அல்லவா? அதுபோல, இந்த முறையிலும் ஒரு படியில் இருந்து முந்திய படிக்குத் திரும்புவது கிடையாது.

வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் 1970-ம் ஆண்டில் இந்த முறையைப் படம் போட்டு விளக்கினார். "இப்படியே செய்தால் ஆபத்து" என்ற கருத்தையும் அதே கட்டுரையில் எழுதினார். படத்தைப் பிடித்துக் கொண்டவர்கள் பலர். எச்சரிக்கையைக் கவனித்தவர்கள் சிலர்!

என்ன ஆபத்து? மக்களுக்கு என்ன வேண்டும் என்பது, கையில் கொடுத்த பிறகுதான் முழுதாகத் தெரியும். அதற்குள் காலமும் பணமும் செலவழிந்து விடும்.

அமெரிக்காவிலேயே நடந்த கதை ஒன்று. மருத்துவ இன்சூரன்சுக்காக அந்த நாட்டு சர்க்கார் ஒரு இணையதளம் செய்தது. 2013-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறந்தார்கள். லட்சக்கணக்கான பேர் முட்டி மோதினார்கள். முதல் நாளில் எத்தனை பேர் இன்சூரன்சில் சேர முடிந்தது தெரியுமா?

ஆறே ஆறு பேர்!

பதினேழு பேர் கூடினார்கள்

2001-ம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், பனிமலை ஒன்றில் 17 நிபுணர்கள் கூடினார்கள். ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு "அஜைல்" அறிக்கை என்று பெயர். அஜைல் என்றால் சுறுசுறுப்பு. வளைந்து கொடுக்கும் சுறுசுறுப்பு.

அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: எல்லாவற்றையும் முடித்து விட்டுக் காட்டாதே. கொஞ்சம் செய், காட்டு, கேள், திருத்து, மேலே செய்.

சென்னையில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "ஸ்பிரின்ட் முடியவில்லை, ஊருக்கு வர முடியாது" என்று டெலிபோனில் சொல்வது உண்டு. ஸ்பிரின்ட் என்பது வேறு ஒன்றும் இல்லை. ஒரு மாதமோ, இரண்டு வாரமோ கெடு வைத்து, அதற்குள் ஒரு சிறு பகுதியை முடிப்பதுதான். தினமும் 15 நிமிடம் எல்லோரும் கூடி, "இன்று என்ன வேலை? எங்கே தடை?" என்று பேசிக் கொள்வார்கள்.

இரண்டும் கலந்தது

அப்படியானால் பழைய முறையைத் தூக்கி எறிந்து விடலாமா? கூடாது.

2017-ம் ஆண்டில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, மென்பொருள் வேலை செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் இரண்டு முறைகளையும் கலந்தே வேலை செய்வது தெரிந்தது. பெரிய கம்பெனி, சிறிய கம்பெனி என்ற வித்தியாசம் இல்லை. இதைக் கலப்பு முறை என்கிறார்கள். யாரும் புத்தகத்தைப் பார்த்துக் கலக்கவில்லை. அனுபவத்தில் கற்றுக் கலந்தார்கள்.

குன்றாண்டார்கோவிலும் அப்படித்தானே? கருவறை, குடைந்தது. மண்டபம், சேர்த்தது.

பணக் கணக்கு, விரல் ரேகை, உயிர் காக்கும் கருவி, இவையெல்லாம் கருவறை போன்றவை. இவற்றில் "செய்து பார்த்துத் திருத்தலாம்" என்று இருக்கக்கூடாது. முதலிலேயே நன்றாக யோசித்துக் குடைய வேண்டும்.

மனுப் படிவம், அதில் உள்ள சொற்கள், எந்தப் பொத்தானை எங்கே வைப்பது, இவையெல்லாம் மண்டபம் போன்றவை. மக்களிடம் காட்டிக் காட்டித்தான் கட்ட வேண்டும்.

நம் நாட்டில் நடந்தவை

வருமான வரிக்காகப் புதிய இணையதளம் 2021-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி திறக்கப்பட்டது. செய்து கொடுத்தது இன்போசிஸ் கம்பெனி. திறந்ததுமே கோளாறுகள். நிதி மந்திரியே கம்பெனித் தலைவரை அழைத்துக் கேட்டார். கணக்குக் காட்டும் கெடுவை டிசம்பர் 31 வரை தள்ளி வைத்தார்கள். பழையதை மூடிவிட்டு, புதியதை ஒரே நாளில் திறப்பதில் உள்ள ஆபத்து இது.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. கொரோனா தடுப்பூசிக்கு "கோவின்" என்ற இணையதளம் இருந்தது. மே 1-ந் தேதியில் இருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஊசி போட ஏற்பாடு ஆயிற்று. ஆனால் 45 வயதுக்குக் குறைந்தவர்கள் இணையத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள்.

நல்ல செல்போன் இல்லாத கிராமத்து ஜனங்கள் என்ன செய்வார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி என்ன செய்வார்? சுப்ரீம் கோர்ட்டே இந்தக் கேள்வியை எழுப்பியது.

பிறகு திருத்தினார்கள். நேரில் போனாலும் பதிவு செய்து ஊசி போட வழி பிறந்தது. ஜூன் மாதத்தில் மாநில மொழிகளைச் சேர்த்தார்கள். முதல் பட்டியலில் தமிழ் இல்லை! தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. பின்னர் தமிழும் சேர்ந்தது.

திருத்தியது நல்லதே. பாராட்டலாம். ஆனால் ஊசிக்காகக் காத்திருந்தவருக்கு ஒவ்வொரு நாளும் பெரிய நாள் அல்லவா? கிராமத்து ஜனங்களை முதலிலேயே கேட்டிருந்தால், அந்த நாட்கள் வீணாகி இருக்குமா?

யாரைக் கேட்பது?

"கொஞ்சம் செய், காட்டு, கேள்" என்பது நல்ல முறை. ஆனால் யாரிடம் காட்டுவது? யாரைக் கேட்பது? இதுதான் முக்கியமான கேள்வி.

குளிர்சாதன அறையில் பத்து அதிகாரிகளிடம் காட்டினால் போதாது. அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியும். கம்ப்யூட்டரும் தெரியும். குறை அவர்கள் கண்ணில் படாது.

இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான், 1991-ம் ஆண்டில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள். கையோடு சைக்கிள் விடவும் கற்றார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். கல்குவாரிப் பெண்களும் சைக்கிளில் போனதை நாடே வியந்து பார்த்தது.

அப்படிப்பட்ட பெண்களிடம் காட்டுங்கள். வயலில் நாற்று நடுகிற அம்மாளிடம் கொடுங்கள். பென்சனுக்கு அலைகிற தாத்தாவிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அந்த இடத்தில்தான் கோளாறு இருக்கிறது. கோளாறு அவர்களிடம் இல்லை, மென்பொருளில்!

செய்ய வேண்டியது

சர்க்காருக்கு மூன்று யோசனைகள் சொல்லுவோம்.

ஒன்று: மக்களுக்கான எந்த மென்பொருளையும், மாநிலம் முழுவதும் திறப்பதற்கு முன்பு, ஓர் ஒன்றியத்தில் நடத்திப் பாருங்கள். குன்றாண்டார்கோவில் ஒன்றியத்திலேயே தொடங்கலாம்.

இரண்டு: புதியது சீராக ஓடுகிற வரையில் பழைய வழியை மூடாதீர்கள். மனு எழுதிக் கையில் கொடுக்கிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மூன்று: தமிழ், கடைசியில் ஒட்டுகிற ஒட்டு அல்ல. முதல் நாளே தமிழில் இருக்கட்டும். அதுவும் புரிகிற தமிழில் இருக்கட்டும்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. "நாங்கள் அஜைல்" என்று சொல்லிக் கொண்டு, யோசிக்காமல், அரைகுறையாகச் செய்து மக்கள் தலையில் கட்டுவது சுறுசுறுப்பு ஆகாது. அது அவசரம்.

வாசகர்களே, நீங்களும் கூச்சப்பட வேண்டாம். படிவம் புரியவில்லை என்றால், "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். "இது புரியவில்லை, திருத்துங்கள்" என்று உரக்கச் சொல்லுங்கள்.

தமிழைச் சேர்க்க வைத்தது அந்தக் குரல்தான்!