மதிப்புரையாளர்கள் வராத சாலை

இலக்கியம் பேசுமிடத்தில் காரைப் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிப்போர் சுளித்துக்கொள்ளட்டும். கார் மதிப்புரையும் ஓர் உரைநடை வகைமைதான். நூல் மதிப்புரையில் உள்ள எல்லா நோய்களும் அதிலும் உண்டு. அட்டையைப் பார்த்தே எழுதுவது, பதிப்பகத்தின் பின்னட்டைக் குறிப்பைத் தன் கருத்தாகத் திருப்பிச் சொல்வது, நான்கு வரி புகழ்ந்துவிட்டு நடுநிலை காட்ட ஒரு வரி குறை சொல்வது என எதுவும் குறைவில்லை. இவ்வகைமையில் அதிகம் புழங்கித் தேய்ந்த சொற்றொடர் ஒன்றைப் பற்றியே இங்கு சண்டையிட விரும்புகிறோம். ‘நகர ஓட்டத்திற்கு ஏற்ற சிறிய கார்’ என்பது அது.

எந்த நகரம்?

(‘சிற்றுந்து’ என்று எழுதியிருக்கலாமே என நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ்நாட்டில் அச்சொல் சிறிய பேருந்தைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. ‘சிறு மகிழுந்து’ என்றால் அதில் ஏறப்போகிறவரே புரியாமல் விழிப்பார். எனவே கார் காராகவே இருக்கட்டும்.)

எங்களுள் மூவர் இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையில் வாழ்பவர்கள். கார் மதிப்புரைகள் சென்னை என்று எழுதும்போது அவை குறிப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையின் காலை வெயிலையும், பழைய மகாபலிபுரம் சாலையின் ஆறு தடங்களையும், மிஞ்சிப்போனால் அண்ணா சாலையின் மாலை நெரிசலையுமே. காசிமேட்டுக்கு வடக்கே ஒரு நகரம் இருப்பதைத் திரைப்படம்கூட அரிவாளும் கையுமாகவாவது ஒப்புக்கொண்டுவிட்டது. கார் மதிப்புரை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்மையில் எங்கள் நண்பர் ஒருவர் தம் வாழ்வின் முதல் காரை வாங்கப் புறப்பட்டார். திருவொற்றியூர்வாசி. பதினைந்து ஆண்டுகளாக மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச்சாலையில் போய்வந்தவர். விற்பனையகத்தார் அவரை மரங்கள் கவிந்த ஒரு குடியிருப்புத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டவிட்டார்கள். “எங்க பக்கம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா தம்பி?” என்று இவர் கேட்டபோது, அருகில் அமர்ந்திருந்த இளைஞர் பதறிவிட்டாராம். “வேணாம் சார், அந்தப் பக்கம் ஒரே டிரெய்லர். ஒரு கீறல் விழுந்தாலும் என் சம்பளத்துலதான் புடிப்பாங்க.” அந்தப் பையன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. நூறு மதிப்புரைகள் சொல்லாத உண்மையை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். தினமும் ஓடப்போகும் சாலைக்கு அந்தக் காரைச் சோதனைக்குக்கூடக் கொண்டுவர முடியாது.

இதிலுள்ள நகைமுரணைக் கவனிக்க வேண்டும். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் பூட்டியது லாரியை அன்று, காரை. ஆஸ்டின் ஏ40. அக்காலத்து ஏ40 சலூனின் எஞ்சின் 1,200 சி.சி, நீளம் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வரிச்சலுகைக்காக ‘சிறிய கார்’ என்பதற்கு வகுக்கப்பட்ட பெட்ரோல் வண்டி இலக்கணமும் அதுவே: 1,200 சி.சிக்கு மிகாத எஞ்சின், நான்கு மீட்டருக்கு மிகாத நீளம். அரசாங்கம் இலக்கணம் எழுதுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே எண்ணூர் இலக்கியம் படைத்துவிட்டது எனலாம். பிறகு லேலண்டுடன் கூட்டு ஏற்பட்டு, 1955இல் பெயரும் அசோக் லேலண்ட் என்றாகி, கார் போய் லாரி வந்தது. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப், அங்கேயே டயருக்கு வளர்ந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் பிறந்தது. பெட்ரோல் மணலியில் 1969 முதல் சுத்திகரிக்கப்படுகிறது. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் செய்த கார்கள் வெளிநாடு செல்லக் கப்பலேறியதும் சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர்த் துறைமுகத்திலும்தான். டயரும் எரிபொருளும் ஏற்றுமதியும் வடக்கே. மதிப்புரை மட்டும் தெற்கே.

இனி இந்தச் சாலை ஒரு சிறிய காரிடம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசைகட்டும் நாட்களில், நம் கார் ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு முறை நகர்ந்து நிற்கும். அங்கே லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற விளம்பரக் கணக்கு வெறும் புனைவு. இடது காலும் கிளட்ச் தகடும் எத்தனை நாள் தாங்கும் என்பதே கணக்கு. (தானியங்கிக் கியர் என்று மலிவான கார்களில் தருவது பெரும்பாலும் கிளட்ச்சை நமக்குப் பதிலாக ஒரு மோட்டார் அழுத்தும் ஏற்பாடே. கால் தப்பும், தகடு தப்பாது.) துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012இல் வேலை நின்றது, 2022இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். ஒரு தலைமுறைக் காரின் ஆயுள் முழுதும் அடிக்கல்லுக்கும் அடிக்கல்லுக்கும் இடையிலேயே கழிந்துவிட்டது.

நாற்பது அடிக் கண்டெய்னர் ஒன்று மூன்று சிறிய கார்களை வரிசையாக நிறுத்திய நீளத்தைவிடவும் கூடுதல். அதன் இடப்பக்கம் ஒட்டிச் செல்லும் கார், உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. அவர் இடப்புறம் திரும்புகையில் முன்சக்கரம் போகும் வழியில் பின்சக்கரம் போவதில்லை, உள்வாங்கி வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் நாமிருந்தால் நம்மைக் காப்பது நமது பக்கக் கண்ணாடிகளும், ஹாரனும், உடனடியாக விலகவல்ல வளைவு ஆரமும் மட்டுமே. இரவில் விளக்கின்றி நிற்கும் டிரெய்லரின் பின்புறம் இன்னும் கொடியது. அதன் அடிச்சட்டம் பலவேளைகளில் சிறிய காரின் எஞ்சின் மூடிக்கு மேலே, கண்ணாடியின் மட்டத்தில் இருக்கிறது. அங்கே முகப்பு விளக்கின் ஒளியும் பிரேக்கும்தான் பாதுகாப்பு. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு.

கடற்காற்றின் உப்பு இன்னொன்று. கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவின் உள்மடிப்பு, புகைபோக்கிக் குழாயின் இணைப்பு என்று துரு வரும் இடங்கள் இங்குள்ள மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். எந்த மதிப்புரையாளர் மண்டியிட்டுக் காரின் அடிவயிற்றைப் பார்த்திருக்கிறார்? மழைநீரும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுரங்கப்பாதையில் தேங்கிய நீர் காற்று உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் புகுந்தால், காற்றைப்போல் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். வண்டி நின்றதும் பதற்றத்தில் மறுபடி சாவியைத் திருப்புகிறவரே எஞ்சினைக் கொல்கிறார். சாதாரணக் காப்பீட்டில் இந்த இழப்பு பெரும்பாலும் சேராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தொடுதிரையின் அங்குலத்தை அளந்து சொல்லும் பத்தியாளர், காற்று உறிஞ்சும் குழாயின் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒருமுறையேனும் சொன்னதுண்டா?

மலிவு என்பது என்ன என்ற கேள்விக்கு நானோவைவிடச் சிறந்த பாடம் இல்லை. மழையில் ஒரே ஸ்கூட்டரில் சென்ற குடும்பத்தைப் பார்த்ததே அதற்கு வித்து என்று ரத்தன் டாட்டா சொன்னார். 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று தில்லியில் அது காட்டப்பட்டது. சிங்கூர் நிலப் போராட்டம், தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குப் பெயர்ந்தது, பிறகு சில வண்டிகள் தீப்பிடித்தது என்பனவெல்லாம் பலரும் எழுதியவை. நாங்கள் சுட்ட விரும்புவது சிறிய ஒன்று: அடிப்படை நானோவில் இடப்பக்கக் கண்ணாடி கிடையாது. சக்கரத்துக்கு மூன்று திருகு, முகப்பில் ஒற்றைத் துடைப்பான் என்பவற்றைச் சிக்கனத்தின் பொறியியல் அழகு என்று ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால் எந்தக் குடும்பத்தை ஸ்கூட்டரிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டார்களோ அதே குடும்பத்தை, டிரெய்லர்கள் நெருக்கும் சாலையில் ஒரு பக்கம் குருடாக ஓட்டச் சொன்னது சிக்கனமா? 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நானோ பூஜ்யம் பெற்றது. 2018 ஜூனில் ஒரே ஒரு நானோ தயாரானது.

மலிவான கார் என்ற முத்திரையே நானோவை வீழ்த்தியது என்பார்கள். ரத்தன் டாட்டாவும் அந்த முத்திரையைத் தவறென்று பின்னாளில் ஒத்துக்கொண்டார். நாங்கள் இதைப் பாதியே ஏற்கிறோம். ஏழைக்கு மலிவான பொருள் வாங்குவதில் வெட்கமில்லை, தினமும் வாங்குகிறார். தன்னை மலிவானவன் என்று விற்பவன் கணக்குப்போட்டிருப்பது தெரியும்போதுதான் விலகுகிறார்.

அந்தக் கணக்கு நானோவோடு முடியவில்லை. ஒரகடத்தில் செய்த டட்சன் கோ 2014 நவம்பரில் பூஜ்யம் பெற்றபோது, அதன் உடற்கூடே நிலையற்றது, ஏர்பேக் வைத்தும் பயனில்லை என்றார்கள். அக்காரைத் திரும்பப் பெறுமாறு மேக்ஸ் மோஸ்லி நிசான் தலைவர் கார்லோஸ் கோனுக்குக் கடிதமே எழுதினார். 2016இல் ரெனோ க்விட்டும் பூஜ்யம். அதே பெயரில் பிரேசிலில் விற்ற கார், பக்கவாட்டு ஏர்பேக்குகளும் வலுவூட்டிய உடலுமாக, இலத்தீன் என்கேப்பில் மூன்று விண்மீன் பெற்றது. பிரேசில்காரரின் விலா எலும்பு நம்முடையதைவிட விலை கூடியது போலும்.

நிலைமை மாறவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில் கட்டாயமானது. ஆல்டோ கே10 2023இல் இரண்டு ஏர்பேக்குகளோடு இரண்டு விண்மீன் பெற்றது. 2025இல் அதன் அடிப்படை வகையிலும் ஆறு ஏர்பேக்குகள் வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. இவையெல்லாம் சட்டமும் சந்தையும் செய்தவை. இவற்றுள் எதையாவது கார் மதிப்புரைகள் போராடிப் பெற்றுத்தந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

விண்மீன்களையும் கண்மூடித் தொழ வேண்டாம். மணிக்கு 64 கிலோமீட்டரில் தடுப்பில் மோதும் அச்சோதனை, ஏறத்தாழத் தன் எடையொத்த இன்னொரு காருடன் மோதுவதைத்தான் போலச் செய்கிறது. முக்கால் டன் காரும் நாற்பது டன் டிரெய்லரும் சந்திப்பதற்கு எந்தச் சோதனைக்கூடத்திலும் விண்மீன் இல்லை.

எங்கள் நண்பர்களிடமிருந்தே வரக்கூடிய எதிர்ப்பும் உண்டு. சூழலியல் பேசும் இதழ்களைப் படித்துவிட்டுக் காருக்குப் பரிந்து பேசலாமா, இரயில் இல்லையா, மெட்ரோ இல்லையா என்பார்கள். இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்தொடர் வண்டிகள் உண்டு. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை வந்துவிட்டது, அதில் நாங்களும் போகிறோம், மகிழ்கிறோம். ஆனால் இரவுப்பணி முடித்து அதிகாலை மூன்று மணிக்கு வெளியே வருபவருக்கும், 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா நெடியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரியகுப்பத்துத் தாய்க்கும் மெட்ரோவின் கால அட்டவணையை வாசித்துக் காட்டுவது இலக்கியமும் ஆகாது, சூழலியலும் ஆகாது. கார் கூடாது என்ற அறிவுரையை முதலில் இரண்டு கார் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் போய்ச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் நால்வராகப் போகிறவரிடம் கடைசியில் வரலாம்.

எங்கள் மதிப்புரை இதுதான். இச்சாலைக்கு வாங்குகிறவர் அடிப்படை வகையின் விலையைப் பார்த்து மயங்காமல், முகப்பு விளக்கையும் பக்கக் கண்ணாடிகளையும் இரவில் ஒருமுறை சோதித்துவிட்டு வாங்கட்டும். தரையிடைவெளி கூடுதலாக உள்ளதை விரும்பட்டும். க்விட்டில் அது 184 மில்லிமீட்டர், இந்தக் குழிகளுக்கு அது ஆடம்பரமில்லை. பழைய கார் வாங்குவதில் இழிவொன்றுமில்லை. ஆனால் கடலோரத்தில் ஓடிய வண்டியா என்று கேட்டு, பாயை விலக்கித் தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டே பணம் தர வேண்டும். அடிப்பூச்சுக்குச் செலவழிக்கும் பணம் தொடுதிரைக்குச் செலவழிப்பதைவிடப் பத்து மடங்கு நல்லது.

நண்பர் கடைசியில் சோதனை ஓட்டம் இல்லாமலே வாங்கினார், இரண்டாம் நிலை வகை. மூன்றாம் வாரம் ஜீரோ கேட் அருகே வரிசையில் நிற்கையில், பக்கத்து டிரெய்லர் மெல்ல நகர்ந்து இடக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டது. இறங்கிப் போய்க் கத்தியவரிடம் ஓட்டுநர் கைகூப்பினாராம். “அண்ணே, காலைலேர்ந்து சாப்பிடல, இங்கியே நிக்கிறேன். உங்க வண்டி என் கண்ணுக்கே தெரியலண்ணே.” வண்டியில் பிள்ளைக்கு வைத்திருந்த இரண்டு இட்லிப் பொட்டலங்களில் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மறுநாளே புதிதாக மாட்டிவிட்டார்.