அவனா பிள்ளை பெறப் போகிறான்?

2017-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு மாலை. எங்கள் எதிர் வீட்டு அம்மாள் ஒரு கையில் துண்டுக் காகிதமும் மறு கையில் கைப்பேசியுமாக வந்து நின்றார். காகிதம், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப் போகிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. கைப்பேசியிலோ, அந்த ஊசியைப் போட விடவே கூடாது என்று யாரோ ஊர் பேர் தெரியாத புண்ணியவான் அனுப்பிய செய்தி.

"தட்டம்மை எனக்குத் தெரியும், தம்பி. அது என்ன ருபெல்லா?" என்று கேட்டார் அம்மாள்.

"கர்ப்பிணிகளுக்கு வந்தால் வயிற்றிலிருக்கும் சிசுவைக் கெடுக்கிற வியாதி அம்மா" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! அப்படின்னா பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் போடட்டும். இவனுக்கு எதுக்கு? இவனா பிள்ளை பெறப் போறான்?"

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த அம்மாளின் கேள்வியை லேசாக நினைத்துவிடாதீர்கள். படித்த டாக்டர்களும் பெரிய பெரிய சர்க்கார்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, இதே பதிலைச் சொல்லிக்கொண்டு பல வருஷங்கள் இருந்திருக்கிறார்கள். பிறகுதான் தங்கள் கணக்கில் பிசகு இருப்பதைக் கண்டுகொண்டார்கள். அந்தக் கதையை அன்று அம்மாளுக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கதை ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில் ஆரம்பமாகிறது. அங்கே நார்மன் கிரெக் என்று ஒரு கண் டாக்டர் இருந்தார். முதல் உலக யுத்தத்தில் ராணுவ டாக்டராகப் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றவர். யுத்தம் முடிந்த பிறகு கண் வைத்தியத்தில் இறங்கி, குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்து வந்தார்.

1941-ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில் அவரிடம் வந்த கைக்குழந்தைகள் அவரைத் திகைக்க வைத்தன. குழந்தையின் கண்மணியில் வெள்ளையாகப் புரை விழுந்திருந்தது. கண்புரை கிழவர்களுக்கு வருகிற வியாதி. பிறவியிலேயே புரையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு என்றாலும் அது அபூர்வம். இங்கேயோ ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இன்னொரு விசித்திரம்: அந்தக் குழந்தைகள் இளைத்துச் சோர்ந்திருந்தன. பால் குடிக்கவும் கஷ்டப்பட்டன. பல குழந்தைகளுக்கு இருதயத்திலும் கோளாறு இருந்தது.

அந்தக் காலத்துச் சாஸ்திரப்படி, பிறவிக் கோளாறு என்றால் வம்ச தோஷம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் சம்பந்தா சம்பந்தமில்லாத பல குடும்பங்களில், ஒரே சமயத்தில், ஒரே மாதிரி தோஷம் எப்படி வரும்? கிரெக்கின் மனசு சமாதானமாகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்வார்கள். டாக்டருடைய அறைக்கு வெளியே தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான்கு பெண்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேசாமல் இருப்பார்களா? "கர்ப்பமாக இருந்தபோது எனக்கு ஜெர்மன் தட்டம்மை வந்தது, அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?" என்று ஒருத்தி கவலைப்பட்டாள். "எனக்கும் வந்ததே!" என்றாள் அடுத்தவள். இந்தப் பேச்சு கிரெக்கின் காதில் விழுந்தது.

ஜெர்மன் தட்டம்மை என்பதுதான் ருபெல்லா. லேசான ஜுரம், உடம்பில் மெல்லிய சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் சிறு நெறிகட்டு. மூன்று நாளில் போய்விடும். அதை வியாதி என்று யாரும் மதித்ததில்லை. இதைப் போய் ஒரு டாக்டரிடம் சொல்வதா என்றுதான் அந்தப் பெண்களே நினைத்திருப்பார்கள். வேறு டாக்டராயிருந்தால், பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார். கிரெக் தள்ளவில்லை. தம்மிடம் வந்த தாய்மார்களைக் கூப்பிட்டு நிதானமாக விசாரித்தார். மற்ற ஊர் டாக்டர்களுக்கும் கடிதம் எழுதினார்.

மொத்தம் 78 குழந்தைகளின் விவரம் கிடைத்தது. அவற்றில் 68 குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள். பலருக்கு, தாங்கள் முழுகாமல் இருக்கிறோம் என்பதே அப்போது நிச்சயமாகத் தெரியாது. 1940-இல் ஆஸ்திரேலியாவில் ருபெல்லா பலமாகப் பரவியிருந்தது. யுத்த காலம் அல்லவா? ராணுவ முகாம்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருந்தார்கள். வியாதியும் அவர்களோடு சேர்ந்து ஊர் சுற்றியது.

1941-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மெல்பர்ன் நகரத்தில் கூடிய கண் டாக்டர்களின் சபையில் கிரெக் இதை எடுத்துச் சொன்னார். எல்லோரும் அவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? கிடையாது. லண்டனிலிருந்து வெளிவரும் பிரசித்தி பெற்ற மருத்துவப் பத்திரிகை ஒன்று, விஷயம் ருசுவாகவில்லை என்று எழுதியது. கருப்பை ஒரு கோட்டை, வெளி வியாதி எதுவும் அதற்குள் புகாது என்பதே அன்றைய வைத்தியர்களின் எண்ணம். நம்முடைய பிரகலாதனோ கர்ப்பத்திலிருந்தபடியே நாரதருடைய உபதேசத்தைக் கேட்டவன்! தாய்க்கு நேர்வது சிசுவையும் தொடும் என்று நம்புவது நம் பாட்டிமார்களுக்குக் கஷ்டமாக இருந்திராது.

இதற்குள் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. அதையும் தாய்மார்களே கொண்டுவந்தார்கள். கிரெக்கின் கண்டுபிடிப்பைச் செய்தித்தாளில் படித்த சில பெண்கள், "எங்கள் குழந்தைக்குக் கண் நன்றாயிருக்கிறது, காதுதான் கேட்கவில்லை. எங்களுக்கும் அந்தச் சமயத்தில் ருபெல்லா வந்தது" என்று சொன்னார்கள். கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பது சட்டென்று தெரியாது அல்லவா? அதனால் டாக்டர்கள் கண்ணில் படாமலே இருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், ருபெல்லா அதிகமாகப் பறித்தது செவியைத்தான் என்று தெரிந்தது.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் கணக்குப் புலி ஒருவர். ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளிவிவர நிபுணர் பழைய ஜனத்தொகைக் கணக்குகளைப் புரட்டினார். 1911-ஆம் வருஷக் கணக்கில் பத்து முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளில் மட்டும் காது கேளாதவர்கள் வழக்கத்துக்கு மீறி இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்த காலத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், 1899-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் ருபெல்லா பரவியிருந்தது! கிரெக் கண்டுபிடிப்பதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே சாட்சியம் சர்க்கார் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. லங்காஸ்டர் இதை 1951-இல் வெளியிட்டார். 1953-இல் கிரெக்குக்கு ஸர் பட்டம் கிடைத்தது.

ஏன் முதல் மூன்று மாதம் இவ்வளவு பொல்லாததாக இருக்கிறது? அந்தச் சில வாரங்களில்தான் சிசுவுக்குக் கண், காது, இருதயம் எல்லாம் உருவாகின்றன. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? கூரை போட்ட பிறகு பெய்கிற மழை அவ்வளவு சேதம் செய்யாது. அதே போலத்தான். முதல் பத்து வாரங்களுக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு சிசுக்கள் வரை பாதிக்கப்படலாம். ஐந்து மாதம் ஆன பிறகு வந்தால் பெரும்பாலும் பயமில்லை.

"அம்மை கண்ட வீட்டுப் பக்கம் கர்ப்பிணி போகாமலிருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். நாம் வாசலில் வேப்பிலை சொருகுகிறோம். பார்த்தவர்கள் விலகிப் போகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ருபெல்லா வேப்பிலைக்கு முந்திக்கொள்கிறது. தடிப்பு தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அது மற்றவர்களுக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு, அது வந்தவர்களில் பாதிப் பேர் வரை தடிப்போ ஜுரமோ எதுவும் தெரியாமலே நடமாடுவார்கள். எந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது?

ஆகவே தடுப்பு ஊசி ஒன்றுதான் வழி. 1962-இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிக் கூட்டங்கள் தனித்தனியே அந்த வைரஸைப் பிரித்தெடுத்தன. ஊசி தயாராவதற்குள் 1964, 1965 வருஷங்களில் அந்த நாட்டில் ருபெல்லா பயங்கரமாகப் பரவி, சுமார் இருபதாயிரம் குழந்தைகள் பிறவிக் கோளாறுகளோடு பிறந்தன. 1969-இல் அங்கே தடுப்பு ஊசி வழக்கத்துக்கு வந்தது.

இப்போது நம் எதிர் வீட்டு அம்மாளின் கேள்விக்கு வருவோம். ஊசி யாருக்குப் போடுவது? பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அம்மாளைப் போலவே யோசித்தன. பிள்ளை பெறப் போகிறவர்கள் பெண்கள். ஆகவே பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் போதும். பிரிட்டனில் 1970-லும், ஆஸ்திரேலியாவில் 1971-லும் அப்படி ஆரம்பித்தார்கள். பலன் இருந்தது, ஆனால் வியாதி ஒழியவில்லை. பையன்களிடமும் சிறு குழந்தைகளிடமும் ருபெல்லா சுகமாகக் குடியிருந்தது. ஏதோ காரணத்தால் ஊசி தவறிப்போன பெண் எங்கேயாவது இருப்பாள் அல்லவா? அவள் கர்ப்பமாக இருக்கும்போது வியாதி அவளைத் தேடிக்கொண்டு வந்தது. கொண்டுவந்து கொடுத்தது யார்? பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்ட சிறு பையனாக இருக்கலாம். வேலையிலிருந்து திரும்பிய கணவனாகவும் இருக்கலாம்.

பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகு, 1988-இல், பிரிட்டன் வழியை மாற்றிக்கொண்டு ஆண் பெண் பேதமில்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவும் மாறியது. அதற்குப் பிறகுதான் வியாதிக்குத் தங்க இடமில்லாமல் போயிற்று. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா இரண்டிலும் ருபெல்லா பரவுவது நின்றுவிட்டது என்று 2015-இல் அறிவித்தார்கள். எந்த நாட்டில் இரண்டு தாய்மார்கள் பேசிக்கொண்டார்களோ, அந்த ஆஸ்திரேலியாவில் அது ஒழிந்துவிட்டது என்று 2018-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது.

நம் தேசத்தில் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் முதலில் ஆரம்பித்தார்கள். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டார்கள். இப்போது சர்க்கார் அட்டவணையில் ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையே இன்னொன்று என்று இரண்டு தடவை போடுகிறார்கள்.

வாசகர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இந்த ஊசியைக் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்குச் சிறு வயதில் போட்டிருக்கிறதா என்று பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரைக் கேட்டு இப்போதே போட்டுக்கொள்ளட்டும். போட்ட பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது குழந்தைக்குப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஊசி போட்ட குழந்தையிடமிருந்து தொற்றாது. கர்ப்பிணிக்கு உடம்பில் தடிப்பு கண்டால், லேசானதுதானே என்று வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டுச் சும்மா இருக்காமல், டாக்டருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அங்கே மற்றக் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிர் வீட்டு அம்மாள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எங்க சின்ன மருமக ரெண்டு மாசம் முழுகாம இருக்கா, தம்பி. பேரன் சாயங்காலம் வந்ததும் அவ மடியிலேதான் போய் விழறான்" என்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பேனா இருக்கா?" என்று கேட்டார்.

பேரனுக்கு ஊசி போட்டார்கள். ஒரு நாள் கை வலித்தது. அதைச் சாக்கிட்டு இரண்டு நாள் வீட்டுப்பாடம் எழுதவில்லை. புரட்டாசியில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தால் முதலில் காதில் விழுவது அவளுக்குத்தான்.

அந்த ஊசியால்தான் இது என்று நான் சொல்ல மாட்டேன். வராமல் போன வியாதிக்குச் சாட்சி ஏது? ஆனால், அவனா பிள்ளை பெறப் போகிறான் என்று இப்போது யாராவது கேட்டால், அந்த அம்மாளே பதில் சொல்கிறார்: "பெற மாட்டான். ஆனா பிறக்கப் போற பிள்ளை பக்கத்திலே நிப்பானே!"