முதலில் திடல், அப்புறம்தான் திறமை

"திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது." இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம் முகத்தில் வீசப்படும் வாசகம் இது. முன்பெல்லாம் இதற்குச் சாட்சியாக அண்ணல் அம்பேத்கரையே இழுத்து வருவார்கள். இப்போது நம் இளைஞர்களின் செல்பேசிக்குப் புதிய சாட்சி ஒருவர் வந்திருக்கிறார். கூடைப்பந்து வீரர் யானிஸ் அடெட்டோகும்போ. ஏதென்ஸ் தெருக்களில் கூலிங் கிளாஸும் கைக்கடிகாரமும் விற்ற பையன், இன்று உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர். அவரைப் பற்றி அரை நிமிட வீடியோ, பின்னணியில் இசை, முடிவில் அதே வாசகம்.

ஒலக்கூரில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பியக் கூடைப்பந்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். அந்த வீடியோ சொல்லாமல் விட்ட பாதியில் நம் கதையும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

யானிஸ் 1994 டிசம்பரில் ஏதென்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் 1990-களின் தொடக்கத்தில் நைஜீரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். செபோலியா என்ற உழைக்கும் மக்கள் பகுதியில் குடியிருந்தார்கள். பையன் பேசியது கிரேக்கம், படித்தது கிரேக்கப் பள்ளியில். ஆனால் கிரேக்கச் சட்டம் இரத்தத்தைப் பார்த்தது, பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை. நைஜீரியாவின் குடியுரிமையும் அவருக்கு இல்லை. பதினெட்டு வயது வரை அவர் எந்த நாட்டுக்கும் குடிமகன் இல்லை. அவருடைய குடும்பப் பெயர்கூட அவர்கள் எழுதியபடி இல்லை. பெற்றோரின் யோருபா மொழிப் பெயர் கிரேக்க எழுத்தில் ஏறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு இறங்கியபோது வேறு உருவம் எடுத்துவிட்டது.

இது நமக்குப் புரியாத சங்கதியா? நம் பாட்டன்மார் பெயரைக் கணக்குப்பிள்ளை என்ன எழுதினாரோ அதுதான் பெயர். ஊரில்தான் பிறக்கிறோம். ஊர் நிலத்தில்தான் நாற்று நடுகிறோம், கரும்பு வெட்டுகிறோம். ஆனால் "ஊர்" என்று சொன்னால் அதில் நம் தெரு அடங்காது. ஊர் வேறு, காலனி வேறு. "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல் போனால் போதாது, அந்தச் சொல் போட்ட எல்லைக்கோடும் போக வேண்டும். பிறந்த மண்ணிலேயே வெளியாள் ஆக்கப்படுவது என்றால் என்ன என்று செபோலியாவின் பையனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அவர் எப்படிக் குடிமகன் ஆனார் என்பதுதான் வீடியோ மறைக்கும் பாதி. அங்கே பிறந்து வளர்ந்த புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தர 2010-இல் கிரேக்கத்தில் ஒரு சட்டம் வந்தது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு மே மாதம் யானிஸுக்குக் குடியுரிமை கிடைத்தது. அடுத்த மாதம் அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் மில்வாக்கி பக்ஸ் அணி அவரைப் பதினைந்தாவதாகத் தேர்ந்தெடுத்தது. கடவுச்சீட்டு இல்லாமல் அவர் நியூயார்க் போயிருக்க முடியாது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள் தோழர்களே. எல்லாப் பிள்ளைகளுக்குமான கதவு பிப்ரவரியில் சாத்தப்பட்டது. கிட்டத்தட்ட ஏழடி உயரமும் அபாரத் திறமையும் கொண்ட ஒருவருக்காக மே மாதம் திறக்கப்பட்டது. யானிஸுக்குக் கிடைத்தது தவறே இல்லை. அவரோடு அதே தெருவில் கடிகாரம் விற்ற, பந்தாடத் தெரியாத பிள்ளை என்ன ஆனான் என்பதுதான் நம் கேள்வி. அவன் அங்கே பிறந்தவன் இல்லையா? குடியுரிமை என்பது பிறப்பால் வரும் உரிமையா, ஆட்டத்தில் ஜெயித்தால் தரப்படும் கோப்பையா? அந்தப் பிள்ளைகளுக்கான சட்டம் மறுபடி வந்தது 2015-இல்தான். அதற்காக அங்கே பிறந்த இரண்டாம் தலைமுறை இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. யானிஸின் வெற்றியால் தானாக வந்துவிடவில்லை.

திறமை பற்றிய பேச்சில் இன்னொன்றும் மறைக்கப்படுகிறது. திறமை எங்கே வளர்ந்தது? ஐரோப்பாவில் கூடைப்பந்து பெரும்பாலும் கிளப்புகளில்தான் வளர்கிறது. பேட்டைக்குப் பேட்டை கிளப் உண்டு. சிறுவர் அணியில் சேர்ந்தவர் பெரியவர் அணிக்கு வருவார். மூன்றாம் நிலை லீக்கில் ஜெயித்த அணி இரண்டாம் நிலைக்கு ஏறும். அங்கே ஜெயித்தால் முதல் நிலை. ஏறவும் இறங்கவும் விதி உண்டு. யானிஸ் ஆடிய ஃபிலாத்லிடிகோஸ் இப்படி ஒரு பேட்டைக் கிளப்தான். ஸ்பிரோஸ் வெல்லினியாடிஸ் என்ற பயிற்சியாளர் 2007-இல் அந்தப் பையன்களைக் கண்டார், கிளப்பில் சேர்த்தார். அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடிய காலம் அது. 2012-13-இல் அவர் ஆடியது கிரேக்கத்தின் இரண்டாம் நிலை லீக். அந்த டிசம்பரிலேயே ஸ்பெயினின் சரகோசா கிளப் அவரோடு பல ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டது. தாள் இல்லாத பையனுக்கும் நுழைய ஒரு திடலும், பார்க்க ஒரு கண்ணும், ஏற ஒரு படியும் இருந்தன. நாடு "நீ யார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கிளப் "ஆட வா" என்றது. வீரர் அங்கேதான் உருவானார். 2021-இல் மில்வாக்கிக்கு அவர் கோப்பை வென்று கொடுத்த கடைசி ஆட்டத்தில் எடுத்த ஐம்பது புள்ளிகளுக்கும் விதை அந்தப் பேட்டைத் திடலில்தான் இருக்கிறது.

ஜெயித்த பிறகு வெறுப்பு ஓய்ந்ததா? 2013-இல் கிரேக்கத்தின் நாஜிக் கட்சியான கோல்டன் டான் தலைவர், யானிஸின் குடியுரிமையைப் பற்றிப் பேசும்போது மிருகக்காட்சிசாலைக் குரங்கை உவமை சொன்னார். பிறகு 2020-இல் அந்தக் கட்சியே குற்றவாளிக் கும்பல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தலைவர் சிறைக்குப் போனார். யானிஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரேக்கக் கொடியை ஏந்திச் சென்றார். கணக்கு நேர்செய்யப்பட்டதில் மகிழ்ச்சி. ஆனால் அங்கே குறைந்தபட்சம் அந்த வெறுப்புக்கு ஒரு தீர்ப்பு வந்தது.

இங்கே? நூறாண்டுக்கு முன்பே நமக்கு ஒரு யானிஸ் இருந்தார். பல்வங்கர் பாலூ. புனேயில் வெள்ளையர் கிளப்பில் திடல் பராமரிக்கும் வேலை செய்து, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வளர்ந்த தலித். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் சாய்த்தவர். ஐரோப்பிய மண்ணில் ஆடிப் பெயரெடுத்த நம் முதல் பெரிய விளையாட்டு வீரர். அப்படிப்பட்டவருக்குப் புனேயில் தேநீர் இடைவேளையில் பெவிலியனுக்கு வெளியே தனியாக மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும் இல்லை, கிரிக்கெட் மைதானத்திலும் இருந்திருக்கிறது. அவருக்குக் கடைசி வரை அணித்தலைமை தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-இல் கிடைத்தது. திறமை பாலூவை ஆட்டத்துக்குள் சேர்த்தது. பெவிலியனுக்குள் சேர்க்கவில்லை.

பழைய கதை என்பார்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று வசை பாடினார்கள். அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர் அவர். ஜெயித்தால் இந்தியா, தோற்றால் சாதி. இதுதான் பொதுப்புத்தியின் கணக்கு.

நம் தமிழ்நாட்டில் ஜெயிப்பதே குற்றம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவரைக் கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடியில் ஆதிக்கச் சாதி அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தினர். "திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது" என்று சொல்பவர்கள் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்துச் சொல்லட்டும்.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகளைப் பெயர்த்து, நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அந்தப் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இருந்த இடத்திலிருந்து ஒரு பெண் அந்தப் பெயரைச் சொல்லியே தங்கம் கொண்டுவந்தார். அங்கேயும் பாருங்கள், முதலில் பிள்ளைகள் கூடி ஆட ஒரு குழுவும் விடாமல் பயிற்சி தர ஓர் ஆளும் இருந்தார்கள். பிறகுதான் தங்கம்.

இனி நம் பகுதிக்கு வருவோம். கபடிக்கு மண் போதும். கூடைப்பந்துக்கு அது போதாது. சிமெண்ட் தரை வேண்டும், கம்பம் வேண்டும், பத்தடி உயரத்தில் இரும்பு வளையம் வேண்டும். அதனாலேயே அது நகரத்துப் பள்ளி, கல்லூரிகளின் ஆட்டமாக நின்றுவிட்டது. ஒலக்கூர் ரயில் நிலையத்தைக் கடந்து போகும் வண்டிகளை ஓட்டும் தெற்கு ரயில்வேதான் அனிதா பால்துரைக்கும் வேலை தந்தது. இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் முன்னாள் தலைவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற தமிழ்ப் பெண். ஐரோப்பாவில் ஆட்டமே வேலை, கிளப் சம்பளம் தரும். நம் நாட்டில் கூடைப்பந்துக்கு நிலைத்து நிற்கும் தொழில்முறை லீக் இல்லை. ஆட்டம் என்பது ரயில்வே, காவல்துறை, வங்கி வேலைக்கான வழி. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அதாவது, திடல் இல்லாத பிள்ளை இழப்பது பொழுதுபோக்கை அல்ல, ஒரு அரசு வேலையை. குடும்பத்தில் முதல் மாதச் சம்பளத்தை இழக்கிறது அந்தப் பிள்ளை.

எவ்வளவு இடம் கேட்கிறோம்? கூடைப்பந்துத் திடலின் அளவு 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் கணக்கில் பத்தரை சென்ட். ஓரம் விட்டால் இன்னும் கொஞ்சம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் தொடங்கி நம் மக்களுக்காக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த மண்ணிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் நாம், நம் பிள்ளைகளுக்குப் பத்தரை சென்ட் கேட்பது பேராசை இல்லை.

பல ஊராட்சிகளில் மைதானம் என்று ஒன்று கணக்கில் இருக்கிறது. அது ஊர்த்தெருவில், கோயிலையொட்டி இருக்கும். "யார் வேண்டுமானாலும் ஆடலாம்" என்பார்கள். நம் பிள்ளைகள் போனால் "யார் வீட்டுப் பையன்?" என்று முதல் கேள்வி வரும். அப்புறம் எப்படி ஆடுவது? 2024-இல் அரசு ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. பந்து, வலை, மட்டை எல்லாம் இருக்கிறது. அந்த அறையின் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று விசாரித்துப் பாருங்கள். சாவி இருக்கும் இடத்தில்தான் ஆட்டம் இருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். ஊராட்சியின் விளையாட்டுத் திடலுக்குச் சர்வே எண் என்ன? அது எந்தத் தெருவில் இருக்கிறது? உபகரணங்களின் பதிவேடு எங்கே, சாவி யாரிடம்? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நம் குடியிருப்புப் பக்கம் அரசு நிலம் இருந்தால் அதில் ஒரு கூடைப்பந்துத் திடல் போட, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான 2024-ஆம் ஆண்டின் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் கீழ் நிதி கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாலையில் தனி நேரம் கேளுங்கள், விளக்கும் கேளுங்கள். தடுத்தால், அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைக் காட்டுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

யானிஸைப் போல ஒருவர் ஒலக்கூரிலிருந்து வருவாரா என்பது எங்கள் கேள்வி இல்லை. வரலாம், வராமலும் போகலாம். நன்றாக ஆடும் பிள்ளைக்கும் சுமாராக ஆடும் பிள்ளைக்கும், பந்தைப் பிடிக்கவே தெரியாத பிள்ளைக்கும் அந்தப் பத்தரை சென்ட் சொந்தமாக வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் சாயங்காலம் இறங்கி ஆட வேண்டும். திறமையைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

ஜெய்பீம்!