சர்க்கரை, ஈஸ்ட், பழைய கம்ப்யூட்டர் ஃபேன்... செடித் தொட்டிக்கு இது போதும்! ஆனா, ஏரியில மட்டும் கொட்டாதீங்க

பாகூர் கொம்யூனில் உள்ள செலியமேட்டில் வேலைக்குப் போகும் ஓர் இளைஞர், வீட்டில் இரண்டடி மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் மீன் இல்லை, உள்ளே பச்சைப்பசேலென்று செடிகளும் வளர வேண்டும். ரீல்ஸைப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், கேனிஸ்டர் ஃபில்டர், ஸ்பெஷல் மண் என்று பட்டியல் நீள்கிறது. "பத்தாயிரம் இல்லாம ஆரம்பிக்கவே முடியாது போல" என்று போனை மூடி வைத்துவிடுகிறார்.

அவர் மூடி வைத்திருக்க வேண்டியதில்லை. முதல் தொட்டிக்குக் கடைக் கருவியைவிட, கையால் செய்த கருவியே நல்லது. பணம் மிச்சமாவது ஒரு காரணம். தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பது புரிவது அதைவிடப் பெரிய காரணம்.

வீட்டிலேயே என்னென்ன செய்யலாம்?

அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-ல் எழுதிய புத்தகம் இந்தப் பொழுதுபோக்கின் போக்கையே மாற்றியது. அடியில் ஓர் அங்குலம் சாதாரண மண், அதன் மேல் ஓர் அங்குலம் கழுவிய மணல், நிறைய செடிகள். மீன் கழிவைச் செடிகளே உரமாக எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அவர் முறையின் அடிப்படை. பாகூர் பக்கம் மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆனால், பூச்சிமருந்து அடித்த வயல் மண்ணும், எரு கலந்த மண்ணும் வேண்டாம்.

செடி இன்னும் வேகமாக வளர வேண்டுமா? இரண்டு லிட்டர் பாட்டிலில் சர்க்கரை, தண்ணீர், அரை டீஸ்பூன் ஈஸ்ட் போட்டால் புளித்து கார்பன் டை ஆக்சைடு வரும். அதை டியூப் வழியாகத் தொட்டிக்குள் விடலாம். புளித்த நீர் தொட்டிக்குள் இறங்காமல் இருக்க, நடுவில் இன்னொரு சின்ன பாட்டில் வேண்டும். டியூப் அடைத்துக்கொண்டால் பாட்டில் வெடிக்கலாம், கவனம். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால், விளக்கு அணைந்ததும் காற்று பம்பை ஓடவிடுவது நல்லது.

ஃபில்டர்? அதே காற்று பம்ப், ஒரு துண்டு பிவிசி பைப், கொஞ்சம் ஸ்பாஞ்ச் போதும். வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் எல்.இ.டி பல்பு, தினம் ஆறு முதல் எட்டு மணி நேரம். அதைத் தாண்டினால் பாசிதான் மிஞ்சும்.

குளிர்நாட்டு வீடியோக்கள் ஹீட்டர் வாங்கச் சொல்லும். நம்ம ஊர் மே மாதத்தில் சிக்கலே சூடுதான். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேனை நீர்ப்பரப்பை நோக்கி வைத்தால், நீர் ஆவியாகிச் சூடு இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறையும் அளவை உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரால் நிரப்பக் கூடாது. சேமித்த மழைநீர் நல்லது.

எதில் சிக்கனம் கூடாது?

மின்சாரத்தில். வீட்டில் ஆர்.சி.சி.பி இருக்க வேண்டும். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறும்படி இருந்தால், வழியும் நீர் பிளக்குக்குப் போகாது. அடுத்து, பொறுமையில். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வைத்த அன்றே மீனை விட்டுவிட்டு, "மீன் செத்துப்போச்சு, ராசியில்லை" என்பதில் நியாயமில்லை.

ஏரிக்கு என்ன சம்பந்தம்?

தொட்டி சலித்துப்போனால் பலரும் செய்வது, அதை அப்படியே பக்கத்து வாய்க்காலில் கொட்டுவது. "மீன் உயிரோட இருக்கட்டுமே" என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆகாயத்தாமரை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது. கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் மீன், இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலையில் சிக்குகிறது. கேரளாவின் ஆவளப்பாண்டியில் 2020-ல் கூட்டம் கூட்டமாகப் போய் செல்ஃபி எடுத்தார்களே, அந்த இளஞ்சிவப்புப் பூக்கள் கபோம்பா. மீன் தொட்டிகளுக்கு விற்கப்படும் தென்னமெரிக்கச் செடிதான் அது.

பாகூர் ஏரி வேடிக்கை பார்க்கும் இடம் மட்டுமல்ல, சுற்றுவட்டார நெல்லுக்கு அதுதான் தண்ணீர். ஒரு துண்டுச் செடி மூன்று மாதத்தில் தொட்டியை அடைப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு, அது வாய்க்காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கையால் செய்து பழகுவதன் உண்மையான லாபம் இதுதான்.

வெட்டிய செடியை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து உரக்குழியில் போடலாம். மாற்றிய தண்ணீரை மல்லிச் செடிக்கு ஊற்றலாம், அதிலுள்ள நைட்ரேட் நல்ல உரம். வேண்டாத மீனைக் கடையிலோ இன்னொரு ஆர்வலரிடமோ கொடுக்கலாம். முதல் தொட்டிக்குச் செடி தேடுபவர்கள் நம்மூர் நீர்ப்பிரமியில் தொடங்கலாம். அதற்கு ஈஸ்ட் பாட்டில்கூடத் தேவைப்படாது.